ஒரு ரோடு இரண்டாகத் தெரிந்தபோது

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நல்ல சேதி பின்னால் வருகிறது. தலைவலி என்று போனால் தைலம் கொடுக்கிறார்கள். கண் மங்குகிறது என்று போனால் கண்ணாடி விற்கிறார்கள். தலையையும் கண்ணையும் சேர்த்து யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. யோசித்த ஒரு டாக்டரம்மாவால்தான் இன்றைக்கு இதை என் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் தனம். ஏற்காட்டு மலையில் தலைச்சோலையில் வீடு. குட்டியானை ஓட்டுகிறேன். அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்கு எல்லாரும் வைத்த பெயர் அது. கரடியூர், வாழவந்தி பக்கத்துத் தோட்டங்களில் மிளகு, காப்பி மூட்டை, பலாப்பழம், சௌசௌ எல்லாம் ஏற்றி ஏற்காடு டவுனுக்கும் கீழே சேலம் மார்க்கெட்டுக்கும் கொண்டுபோவேன். வீட்டுக்காரர் முருகேசன் டவுனில் ஒரு லாட்ஜில் சமையல் செய்கிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கொண்டை ஊசி வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். பொம்பளை ஓட்டுகிற வண்டியா என்று முன்பு சிரித்தவர்கள் இப்போது போன் போட்டு, "அக்கா, லோடு கெடக்குதுங்க, எப்ப வாரீங்க?" என்று கேட்கிறார்கள். அந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண் போனால் ஸ்டியரிங் போச்சு. ஸ்டியரிங் போனால் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரை முறைக்க வேண்டியதுதான்.

மே மாதம் மலை உச்சிக் கோயில் திருவிழா முடிந்த கையோடு தலைவலி பிடித்தது. வழக்கமான தலைவலி இல்லை. படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். இருமினால் உள்ளேயிருந்து யாரோ முட்டுவது போல இருக்கும். காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து புஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம். குனிந்து பலாப்பழத்தைத் தூக்கி நிமிர்ந்தால் கண் முழுக்க இருட்டிவிடும். கரண்ட் போய் வந்த மாதிரி, சட்டென்று வெளிச்சம் திரும்பும்.

என் மாமியார் சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டார். "தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட பனியில வண்டி ஓட்டுனா நீர் கோத்துக்காம என்ன பண்ணுங் கண்ணு?" என்றார். நெற்றி எரிந்ததுதான் மிச்சம். டவுனில் ஒரு கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன். அப்படியும் அந்த மனிதர் எனக்கு ஒரு கண்ணாடியைத் தலையில் கட்டினார்.

"இதப் போட்டீங்கன்னா தலவலி ஓடியே போயிருமுங்க."

ஓடவில்லை. கண்ணாடியோடு ஒரு நாள் சௌசௌ லோடு ஏற்றிச் சேலத்துக்கு இறங்கினேன். பாதி மலையில் ரோட்டு நடுவில் இருந்த வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இன்னொரு பஸ் வந்தது. எந்த பஸ் நிஜம் என்று யோசிக்கிற இடமா அது? ஓரங்கட்டி நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடினேன், ஒரே ரோடு. திறந்தேன், இரண்டு. லோடை ரோட்டில் விட்டுவிட்டுப் போக மனசில்லாமல், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே மிச்ச வளைவுகளை இறங்கினேன். அது மகா முட்டாள்தனம். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் வந்த லாரிக்காரர் பக்கத்தில் வந்து, "ஏம்மா, தூங்கிட்டே ஓட்டறியா?" என்று கத்தினார். பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

லோடை இறக்கியதும் நேரே சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வியாதி பார்க்கப் போகவில்லை. 'இந்தக் கண்ணாடியின் பவர் தப்பு' என்று ஒரு டாக்டர் வாயால் சொல்ல வைத்து, ஏற்காட்டுக் கடைக்காரரோடு ஒரு கை பார்க்கலாம் என்றுதான் போனேன். சண்டைக் குணம் என்னைக் கெடுத்தது நிறைய. அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது.

அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கேள்வியாகக் கேட்டார். ஒரு கண்ணை மூடினால் இரண்டு ஒன்றாகிறதா? படுத்தால் தலைவலி கூடுமா? காதில் சத்தம் கேட்கிறதா? குனிந்து நிமிர்ந்தால் இருட்டுகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றேன். இதையெல்லாம் நான் யாரிடமும் சேர்த்துச் சொன்னதே இல்லை, இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்கார வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், "ஏனுங்கம்மிணி, இந்த மருந்து விட்டா எல்லாம் மங்கலாத் தெரியுமாமுங்க. நல்லதாப் போச்சு, எம் பொண்டாட்டியும் கூட வந்திருக்கறா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அடி விழுந்த சத்தம் கேட்டது. தலைவலியோடு சிரித்தேன்.

அப்புறம் டாக்டரம்மா தலையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து என் கண்ணுக்குள் பார்த்தார். வலது கண், இடது கண், மறுபடி வலது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார்.

"கண்ணாடி பவர் தப்புதானுங்களே?" என்றேன்.

"கண்ணாடி கெடக்கட்டும். வண்டிச் சாவி எங்க?"

"எதுக்குங்க?"

"குடுங்க சொல்றேன். இன்னிக்கு நீங்க மலை ஏறக் கூடாது. வீட்டுக்காரர வரச்சொல்லுங்க."

கொடுத்தேன். இந்த மலையில் யார் கேட்டும் நான் சாவி கொடுத்ததில்லை.

என் கண்ணுக்குள் எடுத்த படத்தைத் திரையில் காட்டி அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூளையிலிருந்து வருகிற பார்வை நரம்பு கண்ணின் பின்சுவரில் வந்து சேருகிற இடம் வட்டமாக, காசு மாதிரி, விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் அது உப்பி, விளிம்பே தெரியாமல், சுற்றிலும் சின்னச் சின்ன ரத்தத் திட்டோடு இருந்தது. ரத்தக் குழாய்கள் புடைத்து நெளிந்து கிடந்தன. கண்ணில் கோளாறு இல்லை. மண்டைக்குள் அழுத்தம் ஏறி, அது நரம்பு வழியாகக் கண்ணை முட்டுகிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பும் அந்த அழுத்தத்தில் சோர்ந்துவிட்டது. அதனால்தான் ரோடு இரண்டு.

"மூளைக்குள்ள போய்ப் பாக்காமலே பாக்கறதுக்கு இருக்கற ஜன்னல் இதுதான்" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரி. முருகேசன் லாட்ஜில் கட்டியிருந்த ஏப்ரனோடு பஸ் பிடித்து வந்திருந்தார். அவசரப் பிரிவில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டியூட்டி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பெருசாத் தெரியல, மாத்திரை எழுதறேன், வீட்டுக்குப் போலாம்" என்றார். போய்விடலாம் என்று எனக்கும் ஆசைதான். அதற்குள் கண் டாக்டரம்மா அங்கே நரம்பு டாக்டருக்குப் போன் போட்டிருந்தார். சி.டி.யில் சில சமயம் தெரியாது, ரத்தக் குழாய்களுக்கும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய்க்குள் உங்களைத் தள்ளிவிட்டுக் கல்லுடைக்கிற மிஷினை ஓட்டுவது. வலியெல்லாம் இல்லை. ஆனால் ஆடக் கூடாது. ஆட முடியாத கோபத்தில் நான் கண்ணாடிக் கடைக்காரரைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று காதுக்குள் ஒரு குரல்: "அக்கா, மைக் ஆன்ல இருக்குதுங்க. கொஞ்சம் கம்மியாத் திட்டுங்க, தலை ஆடுது."

மூளையிலிருந்து ரத்தத்தை வடித்துக் கீழே அனுப்புகிற பெரிய குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமே இல்லை. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற குழாயில் சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் மழைத் தண்ணீர் என்ன செய்யும்? பின்னால் தேங்கும். ரோட்டு மேல் ஏறும். ஒரு இடத்தில் ரோட்டையே பெயர்த்துக்கொண்டு போகும். என் தலைக்குள் தண்ணீர் ரோட்டு மேல் ஏறிவிட்டது. பெயர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நரம்பு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அடைப்பு பரவினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அழுத்தம் குறையாவிட்டால் பார்வை நரம்பு பட்டுப்போகும். பட்டுப்போன நரம்பு திரும்பாது.

"வண்டி ஓட்டலாமுங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல உயிரு. அப்பறம் கண்ணு. அப்பறம் வண்டி."

"எனக்கு மூணும் ஒண்ணுதானுங்க."

முருகேசன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஓரக் கண்ணில் ஏற்கெனவே புகை பிடித்த மாதிரி இருந்தது. அவரைப் பார்த்தால் இரண்டு முருகேசன் அழுதார்கள். ஒரு புருஷன் அழுதாலே தாங்காது. "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றேன். அவர் மிரண்டுபோய்த் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் வார்டில் நரம்பு டாக்டர் படுக்கை அருகில் வந்து, இது ஏன் வந்தது என்று துருவ ஆரம்பித்தார். மாமியாரும் மலையிலிருந்து வந்திருந்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்புடறீங்களா?"

"இல்லீங்க. சுகர் இல்லீங்க, பிரஷர் இல்லீங்க. மாத்திரையே ஆகாதுங்க அவளுக்கு" என்றார் முருகேசன். நானும் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. வியாதிக்குப் போடுவதுதானே மாத்திரை?

டாக்டர் என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போல. "இப்பத்தான் உங்க ஊர்ல திருவிழா முடிஞ்சுதுங்களே. கோயிலுக்குப் போறதுக்காக தூரம் தள்ளிப்போக ஏதாச்சும் போட்டீங்களா?"

ஆண் ஒருவர், அதுவும் டாக்டர், மாதவிலக்குக்கு நாங்கள் சொல்கிற அந்த வார்த்தையைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். முருகேசன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெறும் சுவர்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். "நாந்தானுங்க சாமி வாங்கியாந்து குடுத்தேன். வருசா வருசம் குடுக்கறதுதானுங்க. இந்த வருசம் திருவிழாக்கு அடுத்தாப்புல எங்க ஒறம்பறை ஊட்டுல கல்யாணம் வந்துருச்சுங்க. அதுக்கும் சேத்து இன்னும் கொஞ்ச நாளு போடச் சொன்னேனுங்க. எல்லாரும் போடறதுதானுங்களே!"

டாக்டர் அவரைத் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். அந்த மாத்திரையில் இருப்பது ஹார்மோன். நிறையப் பேர் போடுகிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சில உடம்பில் அது ரத்தத்தை உறைய வைக்கும். அதோடு விரதம், வெயில், தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடும். டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. "எங்கீங்க குடிக்கறது? மலையேறி எறங்கற வரைக்கும் பொம்பளைக்கு ஒதுங்க ஒரு எடம் இருக்குதுங்களா? ஆம்பள எந்த வளவுலயும் நிப்பான். நான் காலைல ஒரு டம்ளர் குடிச்சா அதோட சாயங்காலந்தான்." டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். கக்கூஸ் கட்டுவது நரம்பு டாக்டர் வேலை இல்லை.

அடுத்த கட்டிலில் ஓமலூர் அக்கா ஒருவர் இருந்தார். முகவாதம். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். டாக்டர் நகர்ந்ததும் அவர் மெல்ல, "நானுந்தான் போட்டிருக்கறன், எங்க நாத்தனா மகன் கல்யாணத்துக்கு" என்றார். அவருக்கு எதிர்க் கட்டிலில் இருந்த பெண், "நான் சபரிமலைக்கு மாலை போட்ட மச்சானுக்காவ" என்றார். பார்க்க வந்திருந்த ஒருவர், "நான் பரிச்சைக்கு" என்றார். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர். முருகேசன் எழுந்து வெளியே ஓடினார். "பாவம், உங்க ஊட்டுக்காரரு இன்னிக்குத்தான் காலேசு முடிச்சாரு" என்று ஓமலூர் அக்கா பாதி வாயால் சிரிக்க, மாமியார்கூடச் சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தவர்.

வைத்தியம் இதுதான். ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி. வயிறெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போய் நிலவரைபடம் மாதிரி ஆனது. தலைக்குள் ரத்தக் கசிவு இருந்தாலும் இந்த ஊசி போடுவார்கள், பயப்படக் கூடாது. அடைப்பு கரைந்தால்தான் கசிவும் நிற்கும் என்றார்கள். அழுத்தம் குறைய ஒரு மாத்திரை. அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊரும். முருகேசன் ஆசையாகச் சோடா வாங்கி வந்தார். வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணி மாதிரி இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவரைச் சண்டைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, "நர்சம்மா சொன்னாங்க, மாத்திரையாலதான் அப்படி இருக்குமாம். நான் கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இன்னொரு சோடாவும் வாங்கிக் குடிச்சுட்டு வந்தேன்" என்றார்.

பில்லைப் பற்றி ஒரு வரி: காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது, மிச்சத்தை லாட்ஜ் முதலாளி முன்பணமாகக் கொடுத்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஆண்களை வார்டில் தங்க விடமாட்டார்கள். முருகேசன் காலையில் கேட் திறந்ததும் வந்துவிடுவார். என் ஓரப் பார்வையைச் சோதிக்க அவரே ஒரு வழி வைத்திருந்தார். கட்டிலின் பக்கவாட்டில் நின்று விரலை மெல்ல முன்னால் கொண்டுவருவார். "தெரியுதா புள்ள?" "இல்ல." "இப்ப?" "இல்ல." "இப்ப?" விரல் மூக்கருகே வந்த பிறகுதான் தெரிந்த ஒரு நாள், வார்டுக்கு வந்த பின் முதல் முறையாக அழுதேன். மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிக்கெடுத்துப் பின்னிவிட்டார்.

பிறகு ஒரு காலையில் இட்லிப் பொட்டலத்தோடு கதவருகே முருகேசன் நின்றார். இரண்டு முருகேசன் நிற்க வேண்டிய இடம். ஒருவர்தான் இருந்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ஒருவரேதான்.

"ஏனுங்க, இன்னொருத்தர் எங்க?"

"யாரு?"

"அதா, உங்ககூட தெனமும் வருவாரே!"

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் பொட்டலத்தை ஓமலூர் அக்கா கையில் கொடுத்துவிட்டு வராந்தாவில் ஓடினார், நர்சைக் கூப்பிட. அக்கா என் இட்லி முழுவதையும் சாப்பிட்டுவிட்டார். நல்லா இருந்துச்சு என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பின்னும் பல மாதம் ரத்தத்தை இளக்குகிற மாத்திரை, அது அளவாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இடையிடையே கண் ஆஸ்பத்திரியில் பார்வைப் பரப்புச் சோதனை. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் தடவை நான் சும்மா சும்மா அமுக்கினேன், நிறைய அமுக்கினால் பாஸ் என்று. "அக்கா, லைட்டே வரலீங்க, அதுக்குள்ள அமுக்கறீங்க" என்று அந்தப் பெண் மறுபடி உட்கார வைத்தார். கடைசித் தடவை நேர்மையாக அமுக்கினேன். டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டார். வட்டமான காசு. விளிம்பு தெளிவாக. ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் மங்கல் நின்றுவிட்டது. அது ஓட்டத்துக்குத் தொல்லை இல்லை என்றார். "மெதுவா ஆரம்பிங்க. இனிமே அந்த மாதிரி ஹார்மோன் மாத்திரை ஆயுசுக்கும் வேண்டாம். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இந்தச் சேதியச் சொல்லுங்க." தெரிந்த டிரைவர் ஒருவர் கீழே கொண்டுவந்திருந்த குட்டியானையை அன்றைக்குத் தலைச்சோலை வரைக்கும் நானே ஓட்டி வந்தேன். பக்கத்தில் முருகேசன் எல்லா வளைவிலும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். என்னை நம்பி இல்லை. என் கண்ணைக் கண்காணித்துக்கொண்டு.

மறுபடி திருவிழா வந்தது. எங்கள் தெருவில் அந்த மாத்திரையை டவுனிலிருந்து எல்லாருக்கும் வாங்கி வருகிறவர் என் மாமியார்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்கள். "ஏனுங்க அத்தை, டவுனுக்குப் போறீங்களா? அது வேணுமுங்க."

"எது?" என்றார் மாமியார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "போங்கடி. இவளுக்குக் கண்ணு போயிருக்கும், தெரியுமா? சாமி என்ன வாடகைக்கா குடியிருக்குது, திருவிழா முடிஞ்சதும் காலி பண்ணிட்டுப் போறதுக்கு? அடுத்த வாரம் போலாம். எம் மருமக ஓட்டுவா."

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. அதனால் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்தேன். திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, வெறிச்சென்று கிடந்த மலை உச்சியில் போய் இறங்கினோம். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் திருவிழா நாளில் தேதி இடித்திருந்தது. மற்றவர்கள் சும்மா கூட வந்தவர்கள். பூசாரி எங்கள் பட்டாளத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அவரைச் சுற்றி ஊர் ஆண்கள் நாலைந்து பேர் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னுங்க பெரீம்மா, திருவிழாவுக்கு வராம இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

மாமியார் தேங்காய்த் தட்டை நீட்டினார். "அப்ப இவளுகளுக்குத் தூரமுங்க. இப்ப இல்லீங்க. வாங்கி ஒடைங்க."

பூசாரியின் வாய் திறந்தபடி நின்றது. நாலைந்து ஆண்களும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அத்தனை முகத்தையும் நான் நன்றாகப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு முகம்தான் இருந்தது.